பழைய நாட்காட்டியில் ஓர் ஓட்டை

மயூராவின் இடது கன்னத்தில் புதிதாகத் தையல் போட்டிருந்தார்கள். கறுப்பு நூல் கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரை ஓடியது. நோபல் பார்க் ரயில் நிலையத்துக்கு எதிரே, மளிகைக் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்குள் கதவைத் தட்டாமலே வந்தவள், சந்திரவதனாவுக்கு முன்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"என்ர தம்பி அந்த மனிசனைக் கொல்லேல்லை, அன்ரி."

"இருங்கோ. முதல்ல தண்ணி குடியுங்கோ," என்றார் சந்திரவதனா.

ஹரிப்பிரியா தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். ஈரோட்டுக்காரி. ஒரு மருத்துவமனையின் மின்னஞ்சல் அமைப்பைப் பராமரித்துக்கொண்டிருந்தவள், ஆட்குறைப்பில் வெளியேறிச் சந்திரவதனாவிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். வேலையிடத் தகராறுகளை விசாரித்தே தலை நரைத்த சந்திரவதனா இப்போது தனியாகத் துப்பறியும் தொழில் நடத்தினார். அவர் குரலை உயர்த்தி ஹரிப்பிரியா கேட்டதில்லை. ஹரிப்பிரியாவோ பாதிக் கதையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத் துடிப்பவள்.

கொலைச் செய்தியை இருவரும் படித்திருந்தார்கள். டண்டினோங் தெற்கில் இருக்கும் ஒரு குளிர்பதனக் கிடங்கின் பாதுகாப்பு மேலாளர் கௌரிசங்கர். போன செவ்வாய்க்கிழமை விடிகாலையில், லாரிகள் வந்து நிற்கும் ஏற்றுதளத்தில், இரும்புக் கடப்பாரையால் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார். முதல் அடி பின்மண்டையில். விழுந்த பிறகும் கொலைகாரன் நிறுத்தவில்லை. முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. அதே கிடங்கில் வேலை பார்த்த தம்பி பிரதீப்குமார், கைக்கடிகாரத்தை வைத்துத்தான் அண்ணனை அடையாளம் சொன்னான். அன்று மதியமே மயூராவின் தம்பி லக்சனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

"உங்கட முகத்துக்கு என்ன நடந்தது?"

"பிரதீப்குமார். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரோட வந்தவன். யன்னலுக்குள்ளால செங்கல்லை எறிஞ்சவன். கண்ணாடி வெட்டினது. என்ர மனிசன் வெளியில போக, பேஸ்போல் மட்டையால அடிச்சு விலா எலும்பை முறிச்சுப்போட்டாங்கள். பிள்ளையள் கட்டிலுக்குக் கீழ ஒளிச்சிருந்ததுகள்." மயூரா நிறுத்தி மூச்சு விட்டாள். "அங்க, ரிமாண்டில, லக்சன்ர தாடையை ஆரோ உடைச்சிட்டாங்கள். கம்பி போட்டுக் கட்டியிருக்கு. போலீஸ் வேற ஆளைத் தேடேல்லை. இவங்கள் எங்களை உயிரோட விடமாட்டாங்கள்."

"போலீசிட்ட என்ன சாட்சி இருக்கு?"

மயூரா ஒவ்வொன்றாகச் சொன்னாள். திங்கட்கிழமை கன்டீனில் லக்சன் எல்லோர் முன்னாலும் கௌரிசங்கரை மூக்கில் குத்தினான். அந்த ரத்தம் லக்சனுடைய ஜாக்கெட்டில் இருந்தது. அடுத்த நாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு அவன் முன்னதாகவே வந்திருந்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, கௌரிசங்கரின் அலுவலக நாட்காட்டியில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு சந்திப்பு இருந்தது. வக்கீல் கொடுத்த அச்சுப் பிரதியை அவள் மேசையில் வைத்தாள்.

சந்திப்பை ஏற்படுத்தியவர் கௌரிசங்கர். அழைக்கப்பட்டவர் லக்சன். நேரம் அதிகாலை. இடம்: டாக் 3, அதாவது மூன்றாம் ஏற்றுதளம்.

"லக்சன் அப்பிடி ஒரு அழைப்பு வரவே இல்லை எண்டு சொல்லுறான். அழிச்சுப்போட்டுப் பொய் சொல்லுறான் எண்டு போலீஸ் சொல்லுது."

"திங்கட்கிழமை ஏன் அடிச்சவர்?"

மயூரா தயங்கினாள். "போன வருஷம் பெப்ரவரியில அங்க சாமான் அடுக்கிற இரும்பு ரக் ஒண்டு சரிஞ்சு கதிர்காமநாதன் எண்ட ஐயா நசிஞ்சு செத்தவர். அடுத்த மாசம் மரண விசாரணை. ரக்கை லக்சன் போர்க்லிப்டால இடிச்சதாலதான் விழுந்தது எண்டு கௌரிசங்கர் சொல்லப்போறார் எண்டு வேலையில ஆரோ இவனிட்டச் சொல்லியிருக்கினம். ஐயாவை இழுத்து எடுத்தவனே இவன்தான், அன்ரி. அதைக் கேட்டுத்தான் அறிவிழந்து அடிச்சவன்."

"அந்த 'ஆரோ' ஆர்?"

"எனக்குத் தெரியாது."

"வாயால கதைக்க ஏலாதெண்டா எழுதித் தரச் சொல்லி வக்கீலிட்டச் சொல்லுங்கோ. அந்தப் பேர் எனக்கு வேணும்."

மயூரா படியிறங்கியதும் ஹரிப்பிரியா பொறுக்கவில்லை. "அக்கா, செத்தவரோட தம்பிதான். அண்ணன், தம்பி ரெண்டு பேரும் ஒரே வீடுன்னு செய்தியில இருந்துச்சு. அண்ணன் லேப்டாப்பை எப்ப வேணாலும் திறந்திருக்கலாம். இவ்வளவு வெறியா அடிக்கிறவன் அதையும் செஞ்சிருப்பான்."

"செய்திருக்கலாம்," என்றார் சந்திரவதனா. "வாரும், போய்ப் பார்ப்பம்."

கிடங்கின் செயல்பாட்டு மேலாளர் செந்தில்நாதன் அவர்களை வாசலிலேயே வந்து வரவேற்றார். சிட்னியில் கெல்லிவில்லில் குடும்பத்தை வைத்துவிட்டு மெல்போர்னில் வேலை பார்ப்பவர். அளந்து பேசும் மனிதர். சிட்னித் தலைமை அலுவலகம் ஒத்துழைக்கச் சொல்லியிருப்பதாகச் சொல்லி, ஒளிரும் மேல்சட்டைகளை எடுத்துக் கொடுத்தார்.

ஏற்றுதளங்கள் நான்கு வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கதவின் மேலும் ஆளுயரத்துக்கு A, B, C, D என்று மஞ்சள் எழுத்துகள். B கதவுக்கு முன்னால் சிமெண்டைச் சுரண்டிக் கழுவியிருந்தார்கள். கழுவிய இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. சுவரில், முழங்கால் உயரத்தில், துடைக்க மறந்த கருஞ்சிவப்புத் தெறிப்பு காய்ந்திருந்தது. ஹரிப்பிரியா பார்வையைக் கதவின் மேலிருந்த எழுத்துக்கு உயர்த்தினாள்.

"காலண்டர்ல டாக் மூணுன்னு இருக்கே?" என்று கேட்டாள்.

"B-யோட பழைய பேரு அது. முன்னாடி ரோட்டுப் பக்கத்துல இருந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவோம். ரேக் விழுந்தப்ப ஆம்புலன்ஸ் தப்பான கதவுக்குப் போயிடுச்சு. அதனால போன குளிர்காலத்துல கௌரி எல்லாத்தையும் மாத்தினார். இப்ப எதிர்ப் பக்கம், ஃப்ரீசர் பக்கத்துல இருந்து A, B, C, D."

"அதுக்குப் பிறகும் அவர் பழைய நம்பரைப் பாவிக்கிறவரோ?" என்றார் சந்திரவதனா.

செந்தில்நாதன் லேசாகச் சிரித்தார். "மத்தவங்க சொன்னா விடமாட்டார். திரும்பச் சரியா சொல்ல வைப்பார். ஆனா கோபத்துல யாருக்குத்தான் எது வரும்? சண்டை நடந்த திங்கட்கிழமை சாயங்காலம் அவர் அந்த மீட்டிங்கை காலண்டர்ல போடறதை நானே பார்த்தேன். மூக்குல பஞ்சு வெச்சுக்கிட்டு உக்கார்ந்திருந்தார். லக்சனைக் கூப்பிட்டுச் சமாதானமா பேசப்போறேன்னார். நான் வேண்டாம்னு தடுத்திருக்கணும். போலீஸ்கிட்டயும் இதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கேன்."

"அவற்ற காலண்டரை வேற ஆர் திறக்கலாம்?"

"நான் திறக்கலாம், ஷிப்ட் போடறதுக்காக. அப்புறம் மோனிகா, ஆபீஸ் அட்மின். சிஸ்டம் எல்லாம் அவங்க பொறுப்பு."

மோனிகாவின் அறை மாடியில் இருந்தது. திருச்சியில் தங்கையின் கல்யாணத்துக்குப் போய்வந்த மருதாணி இன்னும் அவள் கையில் மங்காமல் இருந்தது. கொலை நடந்தபோது அவள் சிங்கப்பூரில் விமானம் மாறக் காத்திருந்தாள். வந்து இறங்கியதும் போலீஸ் பேசியது.

"லீவுல போறதுக்கு முன்னாடி ஒரு கிளீனப் செட் பண்ணிட்டுப் போனேன்," என்றாள் மோனிகா. "எல்லாருடைய மெயில்பாக்ஸும் நிரம்பி வழிஞ்சுது. ஒரு வருஷத்துக்கு மேல யாரும் தொடாத காலண்டர் என்ட்ரி எல்லாத்தையும் தானா ஒதுக்கற மாதிரி ஒரு ரூல். கொலைக்கு முந்தின வெள்ளிக்கிழமை அது ஓடுச்சு."

"ஒதுக்கினதா, அழிச்சதா?" ஹரிப்பிரியா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். இது அவளுடைய சொந்தக் களம்.

மோனிகா எழுந்து கதவைச் சாத்தினாள். "செந்தில் சார் நிரந்தரமா அழிக்கச் சொன்னார். ரெண்டு தடவை வந்து நினைவுபடுத்தினார். எனக்கு மனசு வரலை. மரண விசாரணை வரப்போகுது, நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்றது? அதனால ஆர்க்கைவுன்னு ஒரு தனிச் சேமிப்புக்கு மாத்தி வெச்சேன். அதோட பாஸ்வேர்டு என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அவர்கிட்ட 'முடிஞ்சது சார்'னு மட்டும் சொன்னேன்."

"போலீஸ் கேக்கேல்லையோ?"

"கௌரி சார் லேப்டாப்பை மட்டும் எடுத்துட்டுப் போனாங்க. அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை பிரிண்ட் எடுத்தாங்க. பழசு எதையும் யாரும் கேக்கலை."

"கௌரிசங்கரின்ர பழைய காலண்டரையும் லக்சன்ர பழைய காலண்டரையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக் காட்டுங்கோ," என்றார் சந்திரவதனா.

லக்சன் ஷிப்ட் தலைவன் என்பதால் அவனுக்கும் அலுவலக மின்னஞ்சல் இருந்தது. இரண்டு நாட்காட்டிகளும் திரையில் விரிந்தன. ஹரிப்பிரியா மாதம் மாதமாகப் பின்னோக்கிப் போனாள். ரேக் சரிந்ததற்கு அடுத்த மாதம், போன வருடம் மார்ச். லக்சனின் பக்கத்தில் ஒரு நீலக் கட்டம் நின்றது. அவள் விரல் அதன் மேல் உறைந்தது.

'கௌரிசங்கர் – லக்சன். டாக் 3.' அதே தலைப்பு, அதே அதிகாலை நேரம்.

"அக்கா! கௌரிசங்கர் பக்கத்துல இதே நாளைப் பாருங்க. அவர்தானே கூப்பிட்டவர்? அவர்கிட்டதான் முதல்ல இருக்கணும். ஆனா அங்க காலியா இருக்கு."

சந்திரவதனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். முன்னும் பின்னும் எல்லா நாட்களும் நிறைந்திருந்தன. அந்த ஒரு நாளில் மட்டும் ஓட்டை. பிறகு அவர் இன்னும் பின்னோக்கிப் போய், பெப்ரவரியில், ரேக் சரிவதற்கு முந்தைய வாரத்தில் விரலை வைத்தார். 'ரேக் நிறுத்தம் – பழுதுபார்க்க' என்று கௌரிசங்கர் போட்டிருந்த சந்திப்பு. அதன் கீழே ஒரு பதில்: மறுக்கப்பட்டது, செந்தில்நாதன்.

"இதை ஒருதரும் தொடாமல் வைச்சிருங்கோ, பிள்ளை," என்றார் மோனிகாவிடம். அவ்வளவுதான் சொன்னார்.

கார் நிறுத்தத்தில் பிரதீப்குமார் காத்திருந்தான். அவர்கள் யாருக்காக வந்திருக்கிறார்கள் என்பது எப்படியோ அவன் காதுக்கு எட்டியிருந்தது. ஹரிப்பிரியா காரைத் திறப்பதற்குள் அவளைக் கதவோடு சேர்த்து நெருக்கி, கழுத்தில் முன்கையை வைத்து அழுத்தினான். அவன் கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன.

"கொலைகாரனுக்கு வக்காலத்தா? என் அண்ணன் மூஞ்சிய நீ பாத்தியா? பாத்தியாடி?"

ஹரிப்பிரியாவுக்கு மூச்சு முட்டியது. பார்வையின் ஓரங்கள் இருட்டத் தொடங்கின.

"தம்பி," சந்திரவதனா பக்கத்தில் வந்து நின்றார். அவனைத் தொடவில்லை. "ஒரே ஒரு கேள்வி. உங்கட அண்ணன் உங்களை டொக் மூண்டுக்கு வரச் சொன்னா எங்க போவீங்கள்?"

அந்தக் கேள்வியின் சம்பந்தமின்மையே அவனைத் தடுமாற வைத்தது. "மூணா? C-க்கு. A, B, C, மூணாவது."

"அண்ணன் எங்க கிடந்தவர்?"

"B-ல." அவன் கை தளர்ந்தது. "ஏன் கேக்கறீங்க?"

"இஞ்ச எப்ப வேலைக்குச் சேர்ந்தனீங்கள்?"

"ஜனவரியில. கோயம்புத்தூர்ல இருந்து வந்த உடனே."

"நாளைக்கு மத்தியானம் கன்டீனுக்கு வாங்கோ. அதுவரைக்கும் ஒருதரையும் அடிக்காதேங்கோ," என்று சொல்லிவிட்டு, இருமிக்கொண்டிருந்த ஹரிப்பிரியாவைக் காருக்குள் ஏற்றினார் சந்திரவதனா. வழியில் மருந்துக் கடையில் நிறுத்தி ஐஸ் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். 

மறுநாள் கன்டீனில் ஒரு நீள மேசையைச் சுற்றி அவர்கள் உட்கார்ந்தார்கள். மோனிகா, செந்தில்நாதன், பிரதீப்குமார், மயூரா. சுவரோரமாகக் கொலை வழக்கின் டிடெக்டிவ் ஹார்ட்லி என்ற பெண் அதிகாரியும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் இருந்தார்கள். மயூராவின் முகத்தை எதிரில் பார்த்த பிரதீப்குமார் உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"ரெண்டு விஷயம் எனக்குப் பொருந்தேல்லை," என்று தொடங்கினார் சந்திரவதனா. "முதலாவது, ஒரு பிழையான சொல். டொக் மூண்டு. அந்தப் பேரை ஒழிச்சதே கௌரிசங்கர்தான். ஆம்புலன்ஸ் வழி மாறினதில ஒரு உயிர் போனதெண்டு அவருக்கு மனக்குறை. வேற ஆள் சொன்னாலே திருத்திற மனிசன், தன்ர கையால அதை எழுதுவாரோ? எழுதியிருக்கிறார். ஆனா இந்த வருஷம் இல்லை. போன வருஷம் மார்ச்சில, பேர் மாறமுதல்."

ஹரிப்பிரியா மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். அவள் கழுத்தில் நீலம் பாரித்திருந்தது.

"இது லக்சனோட பழைய காலண்டர். கௌரிசங்கர் சார் அனுப்பின உண்மையான அழைப்பு இங்க அப்படியே இருக்கு. அவரோட பழைய காலண்டர்ல அந்த இடம் காலி. ஏன்னா அந்த என்ட்ரி அங்கிருந்து நகர்ந்துடுச்சு. யாரோ அவர் காலண்டரைத் திறந்து, பழைய மீட்டிங்கை அப்படியே தூக்கிக் கொலை நடந்த நாள்ல வெச்சிருக்காங்க. யாருக்கும் தகவல் போகாம. அதனாலதான் லக்சனுக்கு எதுவும் வரலை. புதுசா ஒண்ணு போட்டிருந்தா போட்டவங்க பேரு வந்திருக்கும். பழசை நகர்த்தினா கௌரி சார் பேரே நிக்கும்."

"இது யார் வேணும்னாலும் செஞ்சிருக்கலாமே," என்றார் செந்தில்நாதன். "மோனிகாவே கூட."

"மோனிகா அப்ப சிங்கப்பூரில இருந்தவ," என்றார் சந்திரவதனா. "ஆள் வைச்சுச் செய்திருக்கலாம் எண்டுவீங்கள். ஆனா இந்த ஓட்டையை எனக்குத் திறந்து காட்டினதும் அவதான். குற்றவாளி அதை முதலே அழிச்சிருப்பா. பிரதீப்குமாருக்கு வீட்டில லேப்டொப் கைக்கெட்டின தூரம். ஆனா அவர் பேர் மாறின பிறகு வந்தவர். டொக் மூண்டு எண்டா அவருக்கு C. கௌரிசங்கர் விடியமுதல் தளங்களைச் சுத்திப் பார்க்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச வழக்கம்; இதைச் செய்த ஆள் B-யில காத்து நிண்டவர். பழைய மூண்டும் புது B-யும் ஒண்டு எண்டு தெரிஞ்சவர்."

"லக்சனுக்கும் அது தெரியும்," என்றார் செந்தில்நாதன்.

"தெரியும். தன்ர பேரைத் தானே கொலை நாளில கொண்டுவந்து வைப்பாரோ?" சந்திரவதனா செந்தில்நாதனை நேராகப் பார்த்தார். "இனி ரெண்டாவது விஷயம். அந்த அழைப்பை எப்ப நகர்த்தினது? வெள்ளிக்கிழமை கிளீனப் ஓடினது. அதுக்குப் பிறகு பழசு எல்லாம் ஆர்க்கைவுக்குள்ள. அதின்ர பாஸ்வேர்ட் மோனிகாவிட்ட மட்டும். ஆகவே வெள்ளிக்கு முதலே எடுத்திருக்க வேணும். ஆனா நீங்கள் திங்கட்கிழமை பின்னேரம், மூக்கில பஞ்சோட, கௌரிசங்கர் அதைப் போடுறதைக் கண்ணால கண்டனான் எண்டு சொன்னீங்கள். போலீசிட்டயும் எழுதிக் குடுத்தீங்கள்."

 செந்தில்நாதனின் பார்வை மோனிகாவிடம் போனது.

"ஆர்க்கைவா? அழிச்சாச்சுன்னு சொன்னியே."

"முடிஞ்சதுன்னுதான் சார் சொன்னேன்," என்றாள் மோனிகா. 

"திங்கட்கிழமை நடந்த சண்டைக்கான சந்திப்பு, சண்டைக்கு முதலே காலண்டரில ஏறியிட்டுது," என்றார் சந்திரவதனா. "ஏனெண்டா சண்டையையும் நீங்கள்தான் மூட்டினீங்கள். 'உன்ர தலையில பழியைப் போடப்போறார்' எண்டு தன்னட்டச் சொன்ன ஆளின்ர பேரை லக்சன் நேற்று எழுதிக் குடுத்திருக்கிறார். அவர் சண்டை பிடிக்காமல் விட்டிருந்தாலும் அழைப்பு அங்க கிடந்திருக்கும். உண்மையில போன மார்ச்சில கௌரிசங்கர் லக்சனைக் கூப்பிட்டது, வளைஞ்சு கிடந்த ரக்கின்ர இரும்புக் காலைப் பற்றி லக்சன் கண்டதைக் கேட்க; அதையும் அவர் எழுதியிருக்கிறார். ரெண்டு பேரும் ஒரே உண்மையைத்தான் விசாரணையில சொல்லப்போயினம். ரக்கை நிப்பாட்டித் திருத்தக் கேட்டதையும் நீங்கள் மறுத்ததையும். ஒருத்தரைக் கொலை செய்து, மற்றவரைக் கொலைகாரனாக்கினா, சொல்ல ஆளில்லை. பழைய காலண்டரும் அழிஞ்சா, காட்ட ஒண்டும் இல்லை."

சுவரோரத்தில் மொழிபெயர்ப்பாளரின் முணுமுணுப்பு ஓய்ந்தது. ஹார்ட்லி எழுந்தார்.

செந்தில்நாதன் அதைவிட வேகமாக எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளையை ஒரே இழுப்பில் பிடுங்கி, ஹார்ட்லியை நோக்கியோ வாசலை நோக்கியோ அல்ல, மோனிகாவின் தலையை நோக்கி ஓங்கினார். அளந்து பேசிய அந்த மனிதரின் வாயிலிருந்து வந்தது வெறும் உறுமல்தான். பக்கத்தில் இருந்த ஹரிப்பிரியா யோசிக்கவில்லை. கையைக் குறுக்கே நீட்டினாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அதன் பிறகுதான் வலி வந்தது.

இரண்டாவது அடி விழவில்லை. பிரதீப்குமார் மேசையைத் தாண்டிப் பாய்ந்து செந்தில்நாதனைத் தரையில் சாய்த்திருந்தான். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினான். மூக்கு நொறுங்கியது. பல் ஒன்று மேசைக்கடியில் உருண்டது. அவன் நிறுத்தவில்லை. ஹார்ட்லி தோளைப் பிடித்து இழுத்தும் அவனை அசைக்க முடியவில்லை.

"உன் கூட உக்காந்து சாப்பிட்டேனேடா! பாடியத் தூக்க நீயும் வந்தியேடா!"

மயூராதான் அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"போதும். என்ர வீட்டில அடிச்சதும் இப்பிடித்தான். அதுவும் பிழையான ஆளை. விடு அவனை."

அவன் கைகள் தொங்கின. ஹார்ட்லி விலங்கை எடுத்தார். ரத்தம் தோய்ந்த தரையில் குந்தி இருந்தபடி பிரதீப்குமார் அழத் தொடங்கினான். யாரும் அவனைத் தேற்றவில்லை.

கௌரிசங்கரின் மடிக்கணினியைப் போலீஸ் நிபுணர்கள் திறந்தபோது, அழைப்பு முதலில் உருவான நாள் போன வருடம் மார்ச் என்றும், அதை நகர்த்தியது செந்தில்நாதனின் கணக்கு என்றும் தெரிந்தது. அவர் காரின் உதிரிச் சக்கரத்துக்கு அடியில் ஒரு ஜோடி பூட்ஸ் கிடைத்தது. தையல்களுக்குள் இருந்த ரத்தத்தை அவர் கழுவியிருக்கவில்லை. லக்சன் வெளியே வந்தான்.

"நான் தம்பிக்காரனைத்தான் சந்தேகப்பட்டேன் அக்கா," என்றாள் ஹரிப்பிரியா, மாவுக்கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி.

"அவரும் குற்றவாளிதான், பிள்ளை. வேற குற்றத்துக்கு."

பிரதீப்குமார் தானாகவே போலீசுக்குப் போய், மயூராவின் வீட்டில் செய்ததையும் கூட வந்த இருவரின் பெயரையும் சொன்னான். பிறகு சந்திரவதனாவின் அலுவலகத்துக்கு வந்து, மயூராவிடம் மன்னிப்புக் கேட்க வழிசெய்ய முடியுமா என்று தலையைக் குனிந்து கேட்டான். மயூராவின் பதிலைச் சந்திரவதனா தொலைபேசியில் கேட்டு அப்படியே சொன்னார்: முறைப்பாட்டை அவள் திரும்பப் பெறப்போவதில்லை. கோர்ட்டில் அவன் கேட்கட்டும், அங்கே அவள் காதுகொடுத்துக் கேட்பாள்.

கதிர்காமநாதனின் மரண விசாரணை குறித்த நாளிலேயே நடந்தது. கௌரிசங்கரின் பழைய நாட்காட்டி அங்கே பெரிய திரையில் காட்டப்பட்டது. லக்சன் சாட்சிக் கூண்டில் ஏறினான். தாடையில் கம்பி இன்னும் இருந்தது. பற்கள் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தன. எழுதிக் கொடுக்கலாம், அல்லது வேறொரு நாள் வரலாம் என்று விசாரணை அதிகாரி கனிவாகச் சொன்னார்.

லக்சன் தலையசைத்து மறுத்தான். ஹரிப்பிரியா பார்வையாளர் வரிசையில் மயூராவின் பக்கத்தில் இருந்தாள். பின்வரிசையில் ஜாமீனில் வந்திருந்த பிரதீப்குமார் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இல்லை," என்றான் லக்சன். சொற்கள் கம்பிக்குள் சிக்கி வெளியே வந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் கழுத்து நரம்பு புடைத்தது. "கௌரி அண்ணர் இருந்தா வாயாலதான் சொல்லியிருப்பார். நானும் கதைக்கிறன்."

கம்பி கீறி உதட்டோரத்தில் ரத்தம் கசிந்தது. புறங்கையால் துடைத்துவிட்டு, வளைந்த ரேக் காலை முதன்முதலில் கண்ட நாளிலிருந்து அவன் சொல்லத் தொடங்கினான்.